கழிவுநீரைக் குடிநீராக்க ஊர்கள் கைகோர்ப்பது பற்றி: ஆரஞ்ச் கவுண்டி நிலையத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்

கேணிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் இருக்கும் அனஹைமுக்குக் குடிவந்து 11 வருடம் ஆகிறது. எங்கள் வீட்டுக் குழாயில் வருவதில் பெரும்பகுதி நிலத்தடி நீர் என்று தெரியும். மழையே அதிகம் இல்லாத இந்தப் பக்கத்தில் நிலத்துக்குள் தண்ணீர் எப்படிப் போய்ச் சேருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. போன வாரம் ஃபவுண்டன் வேலியில் இருக்கும் நிலத்தடி நீர் நிரப்பும் நிலையத்துக்கு ஒரு குழுவோடு போய் வந்தேன். பார்த்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் இடம். அக்கம்பக்கமாக இரண்டு வாரியங்கள், நடுவில் ஒரு வேலி. அந்தப் பக்கம் 20 நகரங்களின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வாரியம். இந்தப் பக்கம் வடக்கு, மத்திய ஆரஞ்ச் கவுண்டியின் நிலத்தடி நீரைக் காக்கும் வாரியம். தனித்தனி நிர்வாகக் குழு, தனித்தனிக் கணக்கு வழக்கு. ஒருவருக்குத் தண்ணீர் வேண்டாத சுமை, இன்னொருவருக்குத் தண்ணீர்தான் தேவை.

அந்தப் பக்கத்திலிருந்து வருவது ஏற்கெனவே ஒருமுறை சுத்திகரித்த கழிவுநீர். முதல் படியில் நுண்வடிகட்டி. அதில் இருக்கும் இழைகளை ஒரு கொத்தாகக் கையில் கொடுத்தார்கள். பார்க்க வேகாத சேமியா மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றும் உள்ளே துளையுள்ள குழல். தண்ணீர் இழையின் சுவர் வழியாக உள்ளே போகும், அழுக்கும் பாக்டீரியாவும் வெளியே நின்றுவிடும். அடுத்தது ஆர்ஓ, உப்பு தாண்ட முடியாத மெல்லிய சவ்வு (மெம்பிரேன்) வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளுவது. குறுக்கே வெட்டிய ஒரு மெம்பிரேன் உருளையை மேசையில் வைத்திருந்தார்கள், கோரைப்பாயை இறுக்கிச் சுருட்டியது போல அடுக்கு அடுக்காக. கடைசிப் படி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து புறஊதாக் கதிரில் காட்டுவது. வெளியே வரும் நீரில் எதுவுமே இல்லாததால் அது குழாய்ச் சுவரையே அரித்துவிடுமாம். அதனால் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து அனுப்புகிறார்கள்.

முடிவில் ஒரு தொட்டியும் குழாயும் கப்புகளும். குடித்தேன். சுவை என்று ஒன்றும் இல்லை, ஆறவைத்த வெந்நீர் மாதிரி.

நான் எழுத வந்தது இயந்திரத்தைப் பற்றி இல்லை. 1990களில் கழிவுநீர் வாரியத்துக்கு ஒரு பெரிய செலவு காத்திருந்தது: சுத்திகரித்த நீரைக் கடலுக்குள் கொண்டுபோய் விட இன்னொரு பெரிய குழாய் போட வேண்டும். அதே நேரத்தில் நீர் வாரியத்துக்கு வேறு கவலை. கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க 1970களிலிருந்தே சுத்திகரித்த கழிவுநீரைக் கடலோரக் கிணறுகளில் செலுத்தி ஒரு நீர்ச்சுவர் எழுப்பி வந்தார்கள், ஆனால் அந்தப் பழைய ஆலை போதவில்லை. இரண்டு வாரியங்களும் உட்கார்ந்து பேசின. கடலில் குழாய் போடும் பணத்தை ஏன் இந்தப் பக்கம் போடக்கூடாது? செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். கழிவுநீர் வாரியம் தண்ணீரை விலையில்லாமல் கொடுக்கிறது, நீர் வாரியம் ஆலையை நடத்துகிறது. 2008-இல் நாளைக்கு 7 கோடி கேலன் என்று தொடங்கி, 2015-இல் 10 கோடி, 2023-இல் 13 கோடி. நம் கணக்கில் கிட்டத்தட்ட 49 கோடி லிட்டர், ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கான தண்ணீர்.

ஒரு பங்கு கடலோரக் கிணறுகளுக்குப் போகிறது. மீதி, சாண்டா அனா ஆற்றை ஒட்டி 21 கிலோமீட்டர் குழாயில் எங்கள் அனஹைமுக்கு வந்து, ஏரி மாதிரி இருக்கும் குளங்களில் நின்று மெல்ல நிலத்துக்குள் இறங்குகிறது. அந்தக் குளங்களில் ஒன்றைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

உங்கள் ஊர்களில் இப்படி யாராவது கைகோர்த்திருக்கிறார்களா? பேசலாம்.

பொன்னி72

அக்கறையாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என்னால் இதைக் குடிக்க முடியாது. நான் காவிரிக் கரையில் வளர்ந்தவள். ஆற்று மணலில் கையால் ஊற்று தோண்டி, முதலில் வரும் கலங்கலை இறைத்துவிட்டு, தெளிந்ததும் குடத்தில் முகந்து வருவோம். தண்ணீர் என்றால் எனக்கு அதுதான். எத்தனை வடிகட்டி போட்டாலும் அது கழிவறையிலிருந்து வந்தது என்ற நினைப்பு தொண்டையில் நிற்கும். படித்தவர்கள் இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். எங்களைக் கேட்டுவிட்டுத்தானே செய்ய வேண்டும்?

கேணிக்கரை

அக்கா, ஒதுக்கவே மாட்டேன். நீங்கள் சொன்ன ஊற்றைப் பற்றியே சொல்கிறேன். கலங்கலை இறைத்துவிட்டு மணல் வடிகட்டிய நீரை முகந்தீர்கள். அந்தக் கலங்கலில் மேலே உள்ள ஊர்களின் எல்லாமும் இருந்தது.

இங்கே சாண்டா அனா ஆற்றிலும் அதே கதை. கோடையில் அதில் ஓடுவது பெரும்பாலும் மேலே இருக்கும் ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ பக்கத்து ஊர்கள் சுத்திகரித்து விடும் கழிவுநீர். ஆரஞ்ச் கவுண்டி அதைப் பல காலமாக நிலத்துக்குள் இறக்கிக் குடித்து வந்திருக்கிறது. மேலே உள்ளவர்களுக்கும் கீழே உள்ளவர்களுக்கும் நடந்த பெரிய வழக்கு 1969-இல் சமரசத் தீர்ப்பாக முடிந்தது: வருடத்துக்கு 42,000 ஏக்கர்-அடி தண்ணீர் (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி) ஆரஞ்ச் கவுண்டிக்குச் சற்று மேலே இருக்கும் பிராடோ அணைக்கு வந்தாக வேண்டும். வழக்குப் போட்டுக் கேட்டு வாங்கியது எந்தத் தண்ணீரை என்று யோசித்துப் பாருங்கள்.

கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்கிறீர்களே, அதில் முழுக்க உங்கள் பக்கம் நான்.

உப்புக்கணக்கு

நான் ஆர்ஓ மெம்பிரேன் துறையில் 16 வருடமாக இருக்கிறேன். கேணிக்கரை எழுதியது சரி, ஆனால் மூன்று படியையும் படித்துவிட்டு "ஆர்ஓ போட்டால் எல்லாம் போய்விடும்" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. போகாதவற்றைப் பற்றிப் பேசுகிறேன்.

கிருமிகள் பெரிய பிரச்சினை இல்லை. நிலத்தடியில் செலுத்தும் நீருக்கு கலிஃபோர்னியா கேட்கும் அளவு, வைரஸ் லட்சம் கோடியில் ஒன்றுக்கு மேல் மிஞ்சக் கூடாது. வயிற்றுப்போக்கு தரும் ஒட்டுண்ணிகளான ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் ஆயிரம் கோடியில் ஒன்று. பல தடுப்புகளை வரிசையாக வைத்து இதை எட்டுகிறார்கள்.

தொல்லை, மின்னேற்றம் இல்லாத சின்ன மூலக்கூறுகளில். மெம்பிரேன் உப்பை நன்றாக நிறுத்தும். என்டிஎம்ஏ, 1,4-டையாக்ஸேன் (இரண்டும் புற்றுநோய் வரவைக்கலாம் என்று கருதப்படும் ரசாயனங்கள்), பட்டறைகளில் கரைப்பானாகப் பயன்படும் அசிட்டோன் மாதிரியானவற்றில் கணிசமான பங்கு உள்ளே நழுவிவிடும். ஆரஞ்ச் கவுண்டியிலேயே 2000-ஆம் ஆண்டு வாக்கில் பழைய ஆலையின் நீரில் முதல் இரண்டும் தென்பட்டன. பெராக்சைடும் புறஊதாக் கதிரும் சேர்ந்த அந்தக் கடைசிப் படி வந்ததற்கு அதுதான் காரணம். புறஊதாக் கதிர் என்டிஎம்ஏ-வை உடைக்கும், பெராக்சைடிலிருந்து பிறக்கும் தீவிரமான துகள்கள் டையாக்ஸேனை உடைக்கும். அசிட்டோன் அதற்கும் எளிதில் மசியாது.

அப்போது அசிட்டோனை எங்கே நிறுத்துவது? அதை ஊற்றுகிற தொழிற்கூடத்தின் வாசலில். இங்கேதான் இரண்டு வாரியங்களின் உறவு வருகிறது. எந்தப் பட்டறை எந்தச் சாக்கடையில் எதை விடலாம் என்று அனுமதி கொடுப்பதும், போய் மாதிரி எடுப்பதும், மீறினால் அபராதம் போடுவதும் கழிவுநீர் வாரியத்தின் கையில். முன்பு அவர்கள் காவல் காத்தது கடலுக்காக. இப்போது மனிதர் குடிக்கும் நீருக்காகக் காவல் காக்கிறார்கள். அதே ஆய்வாளர், அதே ஆள்நுழைகுழி, பொறுப்பு வேறு. நீர் வாரியத்தில், தண்ணீரில் இருக்கும் கரிமப் பொருளைக் காட்டும் கார்பன் அளவு திடீரென்று ஏறினால் அந்தத் தகவல் உடனே பக்கத்து வாரியத்துக்குப் போய், அவர்கள் எந்தக் குழாயில் வந்தது என்று தேட வேண்டும். இது எந்த மெம்பிரேனாலும் செய்ய முடியாத வேலை.

2023 விரிவாக்கத்திலும் இதைப் பார்க்கலாம். ஹண்டிங்டன் பீச்சில் இருக்கும் இரண்டாவது கழிவுநீர் நிலையத்தின் தண்ணீரையும் கொண்டுவந்தார்கள். ஆனால் உள்நாட்டுத் தொழிற்சாலைகளின் உப்புக் கழிவு ஒரு தனிக் குழாயில் அங்கே வருகிறது. அதை வாசலிலேயே பிரித்து, குடிநீர்ப் பக்கம் வராமல் தனியாகக் கடலுக்கு அனுப்புகிற மாதிரி மாற்றிக் கட்டினார்கள். நமீபியாவின் விண்டூக்கில் 1968 முதல் கழிவுநீரை நேரடியாகக் குடிநீராக்குகிறார்கள். அங்கே ஆர்ஓ-வே இல்லை. ஓசோனும் கரியும் நுண்வடிகட்டியும்தான். ஆனால் தொழிற்சாலைக் கழிவை வேறு பாதையில் பிரித்துவிட்டார்கள். பிரிப்பதுதான் முதல் வடிகட்டி.

ஏழாம்பொருத்தம்

ஆர்ஓ என்றால் கழித்துவிடும் நீர் ஒன்று இருக்குமே. வீட்டு ஆர்ஓ-வில் நிறைய வீணாகிறது. இங்கே அது எங்கே போகிறது?

உப்புக்கணக்கு

இங்கே 85 சதவீதம் நல்ல நீராகிவிடும், 15 சதவீதம் உப்புச் செறிவாகக் கழிவுநீர் வாரியத்தின் பழைய குழாய் வழியாக நடுக்கடலுக்குப் போகிறது. மின்சாரத்தையும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன்: வடக்கு கலிஃபோர்னியாவிலிருந்து மலை தாண்டித் தண்ணீர் கொண்டுவர ஆவதில் பாதி, கடல்நீரைக் குடிநீராக்குவதில் மூன்றில் ஒரு பங்கு என்பது வாரியத்தின் கணக்கு. கடல்நீரில் உப்பு பல மடங்கு அதிகம், அழுத்தமும் அதற்கேற்ப. ஹண்டிங்டன் பீச்சில் வரவிருந்த கடல்நீர் ஆலையைக் கடலோர ஆணையம் 2022 மே மாதம் ஒருமனதாக நிராகரித்ததையும் சேர்த்துப் பாருங்கள்.

கடலோரக்காற்று

சான் டியேகோ பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பொன்னி அம்மா கேட்ட கேள்விக்கு எங்கள் ஊர்தான் பாடம்.

1990களில் இங்கே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். "கழிவறையிலிருந்து குழாய்க்கு" என்று முத்திரை குத்தியதில் அது படுத்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் 5.5 கோடி டாலர் செலவில் கட்டி முடித்த ஆலையையே 2000-இல் அதே முத்திரை நிறுத்தியது. ஆனால் முத்திரையை மட்டும் குறை சொன்னால் உண்மை பாதிதான். இங்கே கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும் அதிகம் இருக்கும் பகுதிகளிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "பணக்காரர்களின் கழிவை எங்கள் வீட்டுக் குழாயில் விடப்போகிறீர்களா?" அந்தக் கேள்விக்கு அன்று நேரான பதில் கிடைக்கவில்லை. பதில் வராதபோது மக்கள் வேண்டாம் என்றார்கள். நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இப்போது நிலைமை வேறு. எங்கள் நகரத்தின் பாயிண்ட் லோமா கழிவுநீர் நிலையம் முழுமையான இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு (கரைந்த அழுக்கை நுண்ணுயிர்களைக் கொண்டு நீக்குவது) இல்லாமல் சிறப்பு அனுமதியில் ஓடுகிறது. அதை மேம்படுத்தப் பெரும் பணம் வேண்டும். அந்தப் பணத்தை வடக்கே குடிநீராக்கும் ஆலைகளில் போடலாம், கடலுக்குப் போகும் அளவும் குறையும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகளும் நகரமும் 2014-இல் உடன்பாட்டுக்கு வந்தன. கேணிக்கரை சொன்ன அதே கணக்கு.

எங்கள் வீடு இருப்பது நகரத்துக்குக் கிழக்கே. எங்கள் கழிவுநீரையும் காலகாலமாகக் காசு கொடுத்து சான் டியேகோவுக்குத்தான் அனுப்பி வந்தோம், குடிக்கிற தண்ணீரைக் கொலராடோ ஆற்றிலிருந்தும் வடக்கிலிருந்தும் காசு கொடுத்து வாங்கினோம். இரண்டு பக்கமும் செலவு. பாட்ரே டேம் நீர் வாரியம், ஹீலிக்ஸ் நீர் வாரியம், எல் கஹோன் நகரம், சான் டியேகோ கவுண்டி நான்கும் சேர்ந்து ஒரு கூட்டு அதிகார அமைப்பை உருவாக்கி, சான்டீயில் நாளைக்கு 1.15 கோடி கேலன் தரும் ஆலை கட்டுகிறார்கள். அந்த நீர் ஜென்னிங்ஸ் ஏரிக்குப் போய், ஏரி நீரோடு கலந்து, வழக்கமான குடிநீர் ஆலையில் இன்னொருமுறை சுத்தமாகி வரும். எங்கள் தேவையில் ஏறக்குறைய 30 சதவீதம்.

நான்கில் ஒருவர்கூடத் தனியாக இதைச் செய்திருக்க முடியாது. ஒருவரிடம் கழிவுநீர், ஒருவரிடம் ஏரி, ஒருவரிடம் மக்கள்தொகை.

பிரிஸ்பேன்வாசி

ஆஸ்திரேலியாவில் எங்கள் பக்கத்து டுவூம்பா நகரத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. கழிவுநீரைக் குடிநீராக்கலாமா என்று 2006 ஜூலையில் வாக்கெடுப்பு. கடும் வறட்சி, அணைகள் வற்றிக்கொண்டிருந்த நேரம். அப்படியும் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

நான் அப்போது இங்கே வந்த புதிது. வேலை செய்த இடத்தில் டுவூம்பாக்காரர் ஒருவர் இருந்தார், விவசாயக் குடும்பம், தண்ணீரின் அருமை தெரிந்தவர். அவர் சொன்னது நினைவிருக்கிறது: "எல்லாம் முடிவு பண்ணிவிட்டு வந்து கேட்கிறார்கள், அதனால் முடியாது என்றேன்." நீரைப் பற்றி அவருக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

பிறகு பிரிஸ்பேன் பக்கம் மாநில அரசு பல நூறு கோடி டாலரில் மூன்று ஆலைகளும் நீளமான குழாயும் கட்டியது. 2008 கடைசியில் மழை வந்து அணை ஏறத் தொடங்கியது. அணை 40 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் குடிநீரில் கலப்போம் என்று மாநில முதல்வரான பிரீமியர் அன்னா பிளை அறிவித்தார். தண்ணீர் மின் நிலையங்களுக்குப் போனது, பிறகு பெரும்பகுதியை மூடி வைத்தார்கள். டுவூம்பாவுக்கு 2010-இல் விவென்ஹோ அணையிலிருந்து மலை ஏற்றிக் குழாய் வந்தது. அந்த அணைக்கு மேலேயும் ஊர்கள் இருக்கின்றன.

பெர்த்தில் மட்டும் அவசரப்படாமல் செய்தார்கள். 2010 முதல் மூன்று வருடம் சோதனை ஆலை, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், அளவுகள் எல்லாம் வெளியே. அதற்குப் பிறகுதான் பெரிய ஆலை. அங்கே எதிர்ப்பு பெரிதாக எழவே இல்லை.

பொன்னி72

எல்லோரும் பொறுமையாகச் சொல்கிறீர்கள், நன்றி. எனக்கு இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று, செய்தியில் வருகிறதே, பிஃபாஸ் என்று, ஒட்டாத சட்டி, தீயணைப்பு நுரையில் வருவது. அது போகுமா? இரண்டு, ஆலையை நடத்துகிறவர்களே சோதித்து அவர்களே நல்லது என்று சொன்னால் யார் நம்புவது? எங்கள் தெருவில் ஒரு கேன் தண்ணீர்க்காரர் தானே அச்சடித்த சான்றிதழை மாட்டி வைத்திருந்தார்.

உப்புக்கணக்கு

அம்மா, முதல் கேள்விக்கான பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆரஞ்ச் கவுண்டியில் பிஃபாஸ் இருந்தது உண்மை. 2020-இல் மாநிலம் வரம்பைக் குறைத்ததும் பல நகரங்கள் கிணறுகளை மூட வேண்டியதாயிற்று. அனஹைமிலும் யோர்பா லிண்டாவிலும் அதை வடிக்கத் தனி ஆலைகள் கட்டினார்கள். ஆனால் அது நிலத்தடிக்கு வந்தது பெரும்பாலும் சாண்டா அனா ஆற்று வழியாக. நாம் "இயற்கை" என்று நினைக்கிற ஆறு கொண்டுவந்தது. பிஃபாஸ் மூலக்கூறுகளை ஆர்ஓ நன்றாகவே நிறுத்தும், ஆகவே நீங்கள் பயப்படுகிற அந்த ஆலை நீரில் அது தென்படவில்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். அங்கே அனுமதியும் மேற்பார்வையும் மாநில நீர் வாரியத்திடம். அதற்கு மேல், வெளியிலிருந்து நச்சியல், நுண்ணுயிரியல், நிலத்தடி நீரியல் வல்லுநர்கள் அடங்கிய சுயேச்சையான குழு ஒன்று தொடக்கத்திலிருந்து ஆலையைக் கேள்வி கேட்டு வருகிறது. 2023 டிசம்பரில் கலிஃபோர்னியா, நிலத்தடியோ ஏரியோ நடுவில் இல்லாமல் நேரடியாகக் குடிநீர்க் குழாயில் விடவும் விதி இயற்றியது. வைரஸுக்கான வரம்பை அப்போது இன்னும் பல மடங்கு இறுக்கினார்கள். காரணம் எளிது: நிலத்தடி, தவறு நடந்தால் திருத்திக்கொள்ள மாதக்கணக்கில் அவகாசம் தரும். நேரடியாக விட்டால் அந்த அவகாசம் மணிக்கணக்காகிவிடும்.

மணலிக்காரி

சென்னையிலிருந்து. எல்லாம் படித்தேன். கேணிக்கரை சார், உங்கள் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. இரண்டு வாரியங்கள் கைகோர்த்ததுதான் அதிசயம் என்கிறீர்கள். எங்கள் ஊரில் குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் ஒரே வாரியம்தான். பெயரிலேயே இரண்டும் இருக்கிறது. அப்படியானால் நாங்கள்தானே முன்னால் போயிருக்க வேண்டும்?

கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல் இருந்து ஒவ்வொன்றும் நாளைக்கு 4.5 கோடி லிட்டர் அளவில் ஆர்ஓ ஆலைகள் இருக்கின்றன. கொடுங்கையூர்த் தண்ணீர் எங்கள் மணலி ஆலைகளுக்கு வருகிறது. நல்ல காரியம், அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் மிச்சம். 2019 கோடையில் நான்கு ஏரியும் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாங்கள் மறக்கவில்லை. நாள் தவறாமல் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன், பக்கத்து வீட்டம்மாள் பிடித்து வைப்பார்.

ஆனால் குடிக்கிற தண்ணீராக்க வேண்டும் என்றால் எனக்கு முதலில் வேறு ஒன்று நடக்க வேண்டும். இங்கே கழிவுநீர் மழைநீர்க் கால்வாயில் கலக்கிறது, கூவத்தில் கலக்கிறது. உப்புக்கணக்கு சொன்ன அந்த முதல் வடிகட்டி, பிரிப்பது, எங்களிடம் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழிவு என்றால் அருவருப்பு என்று இங்கே எல்லோரும் எழுதுகிறோம். அந்தக் குழிக்குள் மனிதரை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், இன்னும் இறங்கிச் சாகிறார்கள், எந்தச் சாதியினர் இறங்குகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீர் நம் குழாய்க்கே திரும்பி வரப்போகிறது என்றால் ஒருவேளை அந்தக் குழியை நாம் நிமிர்ந்து பார்ப்போம். எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்ததே அதுதான்.

கேணிக்கரை

சகோதரி, நீங்கள் சொல்வது சரி. ஓட்டை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வேலி இரண்டு வாரியத்துக்கு நடுவில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ஆரஞ்ச் கவுண்டியில் அங்கே இருந்தது, அதனால் எனக்கு அது கண்ணில் பட்டது. உங்கள் ஊரில் சாக்கடைக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் நடுவில் இருக்க வேண்டிய வேலி இல்லாமல் இருக்கிறது. தொழிற்சாலைக் கழிவைப் பார்க்கிற வாரியம் வேறு, குடிநீர் வாரியம் வேறு, அங்கே இருக்கக் கூடாத வேலி இருக்கிறது. குழியில் இறங்குகிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இங்கே சுற்றிக் காட்டியவர் கழிவுநீர்ப் பக்கத்து ஊழியர்களைப் பெயர் சொல்லி வணங்கி அறிமுகம் செய்துவைத்தார். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

பாலைவனவாசி

லாஸ் வேகஸிலிருந்து ஒரு சின்னத் தகவல். இங்கே வீட்டுக்குள் செலவாகும் தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் சுத்திகரித்து, ஓர் ஓடை வழியாகக் கொலராடோ ஆற்றின் மீட் ஏரிக்கே திரும்பிவிடும். நாங்கள் குடிப்பதும் அதே ஏரியில். யாரும் அதற்கு முத்திரை குத்தவில்லை.

இப்போது எங்கள் தெற்கு நெவாடா நீர் ஆணையம் கலிஃபோர்னியாவின் கார்சனில் வரவிருக்கும் ஆலைக்குப் பணம் போடுகிறது. 2021-இல் திட்ட ஆய்வுக்கு 60 லட்சம் டாலர் வரை தர ஒப்பந்தம். அரிசோனாவும் சேர்ந்திருக்கிறது. அங்கே தெற்கு கலிஃபோர்னியாவின் பெருநகர நீர் வாரியமும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் கழிவுநீர் வாரியங்களும் கூட்டு. 2019-இல் சோதனை ஆலை, முழுதாக வந்தால் நாளைக்கு 15 கோடி கேலன் வரை. கார்சன் தண்ணீர் எங்கள் ஊருக்கு ஒரு சொட்டுக்கூட வராதே, பிறகு ஏன் பணம் என்று என் மனைவி கேட்டாள். வர வேண்டாம். அவர்கள் தங்கள் கழிவுநீரைக் குடித்தால் கொலராடோ ஆற்றிலிருந்து அந்த அளவுக்குக் குறைவாக எடுப்பார்கள், அது மீட் ஏரியில் எங்களுக்காக நிற்கும். குழாய் போடாமலே 400 கிலோமீட்டர் தள்ளி உள்ள ஊரின் தண்ணீர் எங்கள் குடத்துக்கு வருகிறது. எனக்கு இது புரிய இரண்டு நாள் ஆனது.

ஏழாம்பொருத்தம்

ஆற்றங்கரை ஊர்களில் கீழ்மடைக்காரனுக்காக மேல்மடைக்காரன் மடையைக் கொஞ்சம் மூடி வைப்பான். இதில் கீழ்மடைக்காரன் அதற்குக் காசு கொடுக்கிறான். கணக்கு அதேதான்.

பாலைவனவாசி

சரியாகப் பிடித்தீர்கள். ஆனால் மடை திருப்புவது போல இது சுலபம் இல்லை. ஏழு மாநிலங்கள், மெக்சிகோ, பழங்குடி மக்களின் உரிமைகள் எல்லாம் ஒரே ஆற்றில். கார்சனில் இன்னும் பெரிய ஆலை எழவில்லை.

கேணிக்கரை

இழை நீண்டுவிட்டது, எழுதியவர்கள் எல்லோருக்கும் நன்றி. ஒரு சேதி மட்டும்.

விருதுநகர் பக்கத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள். இங்கே நடந்த பேச்சை அவ்வப்போது வாசித்துக் காட்டினேன். பொன்னி அக்கா எழுதியதற்கு "சரியாத்தான் சொல்லுது அந்தப் புள்ள" என்றார்கள். நேற்று அனஹைமில் அந்தக் குளத்தைக் காட்டக் கூட்டிப்போனேன். வேலிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது, கரையில் நாரைகள்.

"இதுல எவ்வளவு நாள்ல தண்ணி கீழ எறங்கும்?" என்று கேட்டார்கள். மேலாக வண்டல் படிந்தால் இறங்குவது குறையும், அவ்வப்போது வற்றவைத்துத் தரையைச் சுரண்டிவிட வேண்டும் என்று படித்ததைச் சொன்னேன். "கண்மாயும் அப்படித்தான், தூர் வாராம விட்டுட்டு மழையைக் குத்தம் சொல்லுவானுங்க" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து, நான் ஒன்றும் சொல்லாமலே, குழாயில் ஒரு செம்பு பிடித்துக் கொதிக்க வைத்து சீரகம் போட்டார்கள். இத்தனை நாளும் கேன் தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பொன்னி72

கொதிக்க வைத்தார்கள் அல்லவா. அந்த அளவுக்கு என்றால் நானும் யோசிக்கிறேன் தம்பி. அடுத்த முறை மகளைப் பார்க்க இர்வைனுக்கு வரும்போது அந்த நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். அந்த சேமியாவைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.